எட்வர்ட் சேஸ் டோல்மன்

எட்வர்ட் சேஸ் டோல்மன் (ஏப்ரல் 14, 1886 – நவம்பர் 19, 1959) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். விலங்குகள் தாம் நடமாடும் இடத்தைப் பற்றிய ஒரு வகை வரைபடத்தை மூளையில் உருவாக்கிக்கொள்கின்றன என்னும் கருத்தை, எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளின் வழியாக முன்வைத்தவர் இவர். இக்கருத்து அறிதல் வரைபடம் என அழைக்கப்படுகிறது. ஒரு விலங்கு தான் சென்ற வழியைத் தசை அசைவுகளின் தொடராக மட்டும் நினைவில் கொண்டுள்ளதா, அல்லது தான் எங்கே இருக்கிறது என்பதை அறிந்து செல்கிறதா என்பதே இவரது ஆய்வுகளின் மையக் கேள்வியாகும். இவர் வாழ்ந்த காலத்தில் இக்கேள்விக்கு மூளையின் உள்ளே விடை தேடும் கருவிகள் இருக்கவில்லை. இவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தகைய சான்றுகள் கிடைக்கத் தொடங்கின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1949 ஆம் ஆண்டில் எழுந்த விசுவாச உறுதிமொழிச் சிக்கலில் கல்விச் சுதந்திரத்துக்காக வழக்காடியவர் என்ற வகையிலும் டோல்மன் நினைவுகூரப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

டோல்மன் ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மேற்கு நியூட்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தொழிற்சாலையை நடத்தி வந்தவர். தாய் குவேக்கர் சமயப் பின்னணி கொண்டவர். போரை மறுக்கும் அச்சமய மரபின் தாக்கம் டோல்மனின் வாழ்வில் இறுதிவரை காணப்பட்டது. இவருடைய மூத்த சகோதரர் ரிச்சர்டு டோல்மன் (1881–1948) புகழ்பெற்ற இயற்பியலாளர் ஆவார்.

சகோதரரைப் போலவே எட்வர்டும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1911 ஆம் ஆண்டில் மின்வேதியியலில் பட்டம் பெற்றார். படிப்பின் இறுதிக் காலத்தில் வில்லியம் ஜேம்சின் நூல்களைப் படித்ததனால் இவரது ஆர்வம் மெய்யியல், உளவியல் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது. அவ்வாண்டின் கோடைக் காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரு பாடங்களைக் கற்றபின், மெய்யியலைவிட உளவியலே தமக்கு ஏற்றது என முடிவு செய்து அங்கேயே பட்டமேற்படிப்பில் சேர்ந்தார்.

1912 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கீசன் நகருக்குச் சென்று கூர்ட் கோஃப்காவிடம் சிறிது காலம் பயின்றார். தனித்தனி உணர்வுகளின் கூட்டாக அன்றி முழுமையான அமைப்பாகவே மனம் உலகைக் காண்கிறது என்னும் கெஸ்டால்ட் உளவியல் அப்பொழுதுதான் அங்கு உருவாகிக்கொண்டிருந்தது. இக்கருத்து பிற்காலத்தில் டோல்மனின் கோட்பாட்டில் முக்கிய இடம் பெற்றது. 1915 ஆம் ஆண்டில் நினைவாற்றல் பற்றிய ஆய்வுக்காக ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கேத்லீன் துரூ என்பவரை மணந்தார்.

முதற்பணியும் பணியிழப்பும்

1915 முதல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். முதல் உலகப் போரில் அமெரிக்கா நுழைந்த பின்னர், 1918 ஆம் ஆண்டில் இவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கற்பித்தலில் போதிய தேர்ச்சி இல்லை என்பது கூறப்பட்ட காரணமாகும். ஆயினும் மாணவர் இதழ் ஒன்றில் போருக்கு எதிராகத் தாம் எழுதிய கட்டுரைக்கும் இந்நீக்கத்துக்கும் தொடர்பு இருந்திருக்கலாம் எனப் பின்னாளில் இவர் கருதினார்.

அதே ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இவருக்குப் பணி கிடைத்தது. 1954 ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை இடையில் சில ஆண்டுகள் தவிர அங்கேயே பணியாற்றினார். இவரது எலிச் சோதனைகள் பெரும்பாலும் அங்கு, மாணவர்களின் துணையுடன் நடைபெற்றவையாகும்.

அக்காலத்தில் நிலவிய கருத்து

எலிகளைப் புதிர்ப்பாதையில் ஓடவிட்டுக் கற்றலை ஆராயும் முறை வில்லர்டு ஸ்மால் என்பவரால் 1901 ஆம் ஆண்டளவில் அறிமுகப்படுத்தப்பட்டது. இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலுள்ள வேலிப் புதிர்ப்பாதையே இதற்கு மாதிரியாக அமைந்தது.

நடத்தையியத்தைத் தோற்றுவித்த ஜான் பி. வாட்சன் 1907 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பார்வை, மோப்பம் முதலிய புலன்களை இழந்த எலிகளும் புதிர்ப்பாதையைக் கற்றுக்கொள்வதைக் காட்டினார். தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து எழும் இயக்க உணர்வே எலிக்கு வழிகாட்டுகிறது என்பது இவரது முடிவாகும். அடுத்த ஆண்டில் ஹார்வி கார் என்பவருடன் சேர்ந்து, எலிகள் நன்கு பழகிய ஒரு புதிர்ப்பாதையின் நேர்வழியைக் குறுக்கிச் சோதித்தார். எலிகள் வேகமாக ஓடிச் சென்று, முன்பு இல்லாத சுவரில் மோதிக்கொண்டன. இதிலிருந்து, ஓர் அசைவின் உணர்வு அடுத்த அசைவைத் தூண்டுகிறது என்றும், புதிர்ப்பாதையைக் கற்றல் என்பது இவ்வாறு கோக்கப்பட்ட அசைவுகளின் சங்கிலியே என்றும் கருதப்பட்டது. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் கிளார்க் ஹல் இத்தகைய தூண்டல்–துலங்கல் விளக்கத்தை விரிவான கணிதக் கோட்பாடாக வளர்த்தார்.

டோல்மனும் தம்மை ஒரு நடத்தையியலாளர் என்றே கருதினார். விலங்கின் மனத்தை நேரடியாகக் காண இயலாது என்பதையும், வெளியில் தெரியும் நடத்தையே சான்று என்பதையும் இவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்நடத்தையில் ஒரு நோக்கமும் சூழலைப் பற்றிய அறிவும் வெளிப்படுகின்றன என்று வாதிட்டார். இக்கொள்கையை 1932 ஆம் ஆண்டில் வெளியிட்ட விலங்குகளிலும் மனிதரிலும் நோக்குடை நடத்தை என்னும் பொருள்படும் நூலில் விளக்கினார். இந்நூல் வெள்ளெலியின் அறிவியற் பெயரினுடைய முதலெழுத்துகளைக் குறிப்பிட்டு அவ்விலங்குக்கே காணிக்கையாக்கப்பட்டது.

முக்கிய சோதனைகள்

நீந்திய எலிகள்

அசைவுச் சங்கிலிக் கருத்தை நேரடியாகச் சோதித்தவர் பெர்க்லியில் ஆய்வு செய்த மேக்ஃபார்லேன் ஆவார். 1930 ஆம் ஆண்டில் வெளியான இச்சோதனையில், நீர் நிரப்பப்பட்ட புதிர்ப்பாதையில் எலிகள் நீந்திச் செல்லக் கற்றன. பின்னர் நீருக்குள் ஒரு தளம் அமைக்கப்பட்டதால் அவை நீந்தாமல் நடந்து செல்ல வேண்டியதாயிற்று. நீந்தும்போதும் நடக்கும்போதும் இயங்கும் தசைகளின் அசைவுகள் ஒன்றல்ல. எலி கற்றது அசைவுகளின் சங்கிலி மட்டுமே எனில், அது மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருக்கும். ஆனால் எலிகள் சிறிது தடுமாறியபின் சரியான வழியிலேயே சென்றன.

மறைநிலைக் கற்றல்

1930 ஆம் ஆண்டில் டோல்மனும் ஹான்சிக்கும் பதினான்கு பிரிவுகள் கொண்ட ஒரு புதிர்ப்பாதையில் மூன்று குழு எலிகளைச் சோதித்தனர். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு நாளும் பாதையின் முடிவில் உணவு வைக்கப்பட்டது. இரண்டாம் குழுவுக்கு ஒருபோதும் வைக்கப்படவில்லை. மூன்றாம் குழுவுக்குப் பத்து நாட்கள் உணவு இல்லாமல், 11 ஆம் நாளில் முதன்முறையாக உணவு வைக்கப்பட்டது. 12 ஆம் நாளில் மூன்றாம் குழுவின் தவறுகள் திடீரெனக் குறைந்து, தொடக்கம் முதல் உணவு பெற்ற குழுவுக்கு இணையாயின. உணவின்றி அலைந்த நாட்களிலும் அவை பாதையின் அமைப்பை அறிந்துகொண்டிருந்தன என்பதும், தேவை ஏற்பட்டபோது அவ்வறிவு வெளிப்பட்டது என்பதும் டோல்மனின் விளக்கமாகும். இத்தகைய விளைவை இவருடைய மாணவர் பிளாட்ஜெட் 1929 ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்.

இடமா, திரும்பும் திசையா

1946 ஆம் ஆண்டில் டோல்மன், ரிச்சி, கேலிஷ் ஆகியோர் சிலுவை வடிவப் பாதை ஒன்றை அமைத்தனர். எலிகள் எதிரெதிரான இரு முனைகளிலிருந்து மாறி மாறி ஓடவிடப்பட்டன. எட்டு எலிகள் கொண்ட முதற்குழுவுக்கு உணவு எப்போதும் ஒரே இடத்தில் இருந்தது. ஆகவே புறப்படும் முனைக்கு ஏற்ப அவை ஒரு முறை வலப்புறமும் மறுமுறை இடப்புறமும் திரும்ப வேண்டும். எட்டு எலிகள் கொண்ட மற்றக் குழு எந்த முனையிலிருந்து புறப்பட்டாலும் ஒரே பக்கம் திரும்பினால் உணவு கிடைத்தது. ஒரே அசைவைத் திரும்பச் செய்வதே எளிது என எதிர்பார்க்கலாம். ஆனால் இடத்தைக் கற்ற எலிகள் அனைத்தும் எட்டு ஓட்டங்களுக்குள் கற்றுக்கொண்டன. அசைவைக் கற்க வேண்டியிருந்த எலிகளுள் ஐந்து, 72 ஓட்டங்களுக்குப் பின்னும் கற்றுக்கொள்ளவில்லை.

கதிர்ப் பாதைச் சோதனை

அதே ஆண்டில் இம்மூவரும் வெளியிட்ட மற்றொரு சோதனை மிகவும் அறியப்பட்டதாகும். இதில் எலி ஒரு வட்ட மேடையைக் கடந்து, ஒடுங்கிய பாதை ஒன்றின் வழியாகச் சென்று, பல முறை செங்கோணத்தில் திரும்பி உணவுப் பெட்டியை அடையக் கற்றது. பின்னர்ப் பழகிய பாதை அடைக்கப்பட்டு, மேடையைச் சுற்றிச் சூரியக் கதிர்களைப் போல் 18 புதிய பாதைகள் வைக்கப்பட்டன.

பழைய பாதையின் அருகிலிருந்த பாதைகளை மிகச் சில எலிகளே தேர்ந்தெடுத்தன. ஏறத்தாழ 36 விழுக்காட்டு எலிகள் ஒரே பாதையைத் தேர்ந்தெடுத்தன. அது உணவுப் பெட்டியின் வாயில் முன்பு இருந்த இடத்திற்குச் சுமார் 4 அங்குலம் முன்பாக முடியும் பாதையாகும். எலிகள் அதற்கு முன் அப்பாதையில் ஒருமுறையும் சென்றதில்லை. சுற்றிச் சென்ற வழியிலிருந்து நேர்வழியின் திசையை அவை கண்டறிந்தன என இதற்கு விளக்கம் கூறப்பட்டது.

அறிதல் வரைபடம்

இச்சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்து டோல்மன் 1947 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெர்க்லியில் ஓர் உரை நிகழ்த்தினார். எலிகளிலும் மனிதரிலும் அறிதல் வரைபடங்கள் என்னும் பொருள்படும் தலைப்பில் அவ்வுரை 1948 ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளிவந்தது. மூளையைத் தூண்டல்களையும் துலங்கல்களையும் இணைக்கும் தொலைபேசி இணைப்பகமாகக் கருதுவதைவிட, வரும் செய்திகளைச் சேர்த்து வரைபடமாக்கும் அறையாகக் கருதுவதே பொருத்தமானது என்பது இக்கட்டுரையின் சாரமாகும்.

வரைபடங்கள் இருவகைப்படும் என டோல்மன் கூறினார். ஒரே பாதையை மட்டும் காட்டும் வரைபடம் குறுகியது. சூழலின் பெரும்பகுதியைக் காட்டும் வரைபடம் விரிந்தது. சூழல் சற்று மாறினாலும் குறுகிய வரைபடம் பயனற்றதாகிவிடும். விரிந்த வரைபடமோ புதிய வழியைத் தரும். மூளைப் பாதிப்பு, போதிய தகவல் இன்மை, ஒரே பாதையில் அளவுக்கு மீறிய பயிற்சி, மிகையான பசி அல்லது துன்பம் ஆகியவை வரைபடத்தைக் குறுக்குகின்றன என்றும் இவர் கருதினார். கட்டுரையின் இறுதியில் இக்கருத்தை மனிதருக்கும் பொருத்தினார். அச்சமும் ஏமாற்றமும் மிகும்போது மனிதரின் வரைபடம் குறுகுகிறது என்றும், பிற இனத்தவர் மீதும் பிற நாட்டவர் மீதும் தோன்றும் வெறுப்பு அதன் ஒரு வெளிப்பாடு என்றும் இவர் எழுதினார்.

திறனாய்வுகள்

டோல்மனின் கோட்பாடு கடுமையாக விமர்சிக்கப்பட்டது. வரைபடத்திலிருந்து செயல் எவ்வாறு பிறக்கிறது என்பதை இவர் விளக்கவில்லை என்றும், இவரது எலி சிந்தனையில் மூழ்கி நின்றுவிடும் என்றும் எட்வின் கத்ரி குறை கூறினார்.

கதிர்ப் பாதைச் சோதனையில் உணவுப் பெட்டிக்குச் செல்லும் வழியின் மேல் ஒரு மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எலிகள் வரைபடத்தின் துணையின்றி, அவ்விளக்கை நோக்கியே சென்றிருக்கலாம் என்பது முக்கியமான மறுப்பாகும். பின்னர்ச் சிலர் செய்த சோதனைகளில் அதே விளைவு கிடைக்கவும் இல்லை. சூழலில் அடையாளங்கள் நிறைந்திருந்தால் எலிகள் இடத்தையும், அவை குறைந்திருந்தால் திரும்பும் திசையையும் எளிதில் கற்கின்றன என 1950களில் தெளிவாயிற்று. ஆகவே அசைவுக் கற்றல் இல்லை என்னும் அளவுக்கு டோல்மனின் முடிவுகளைக் கொள்ள இயலாது.

உறுதிமொழிச் சிக்கல்

1949 ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, தாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர் என ஆசிரியர்கள் அனைவரும் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும் என விதித்தது. பனிப்போரின் தொடக்க ஆண்டுகளில் இத்தகைய கட்டுப்பாடுகள் அமெரிக்காவில் பரவலாக இருந்தன. டோல்மன் பொதுவுடைமையர் அல்லர். ஆயினும் ஆசிரியரின் தகுதியை அவருடைய கல்வித் திறனைக்கொண்டு அன்றி அரசியல் உறுதிமொழியைக்கொண்டு அளப்பது கல்விச் சுதந்திரத்துக்கு முரணானது எனக் கூறிக் கையொப்பமிட மறுத்தார்.

அப்போது இவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. வேலையை இழந்தால் வாழ வழியில்லாத இளம் ஆசிரியர்கள் கையொப்பமிட்டுவிடலாம் என்றும், இழப்பைத் தாங்கக்கூடிய மூத்தவர்கள் போராட்டத்தை ஏற்க வேண்டும் என்றும் இவர் அறிவுறுத்தினார். 1950 ஆகஸ்ட் 25 அன்று ஆட்சிக்குழு 12–10 என்ற வாக்குக் கணக்கில், கையொப்பமிட மறுத்த 31 பேரைப் பணிநீக்கம் செய்தது. அவர்களுள் டோல்மனும் ஒருவர்.

பணிநீக்கம் செய்யப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் டோல்மன் தலைமையில் வழக்குத் தொடுத்தனர். 1952 அக்டோபரில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசுப் பணியாளர்கள் அனைவருக்கும் உரிய உறுதிமொழியை மாநிலச் சட்டமே வகுத்துவிட்டதால், பல்கலைக்கழகம் தனியாக மற்றோர் உறுதிமொழியைக் கோர இயலாது என்பது தீர்ப்பின் அடிப்படையாகும். உறுதிமொழி கேட்பதே தவறு என்னும் டோல்மனின் அடிப்படை வாதத்துக்கு இத்தீர்ப்பு விடை கூறவில்லை. எனினும் அவர்கள் பணிக்குத் திரும்ப வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் டோல்மன் சிகாகோ, ஹார்வர்டு ஆகிய பல்கலைக்கழகங்களில் கற்பித்தார்.

பிற பணிகளும் இறுதிக்காலமும்

டோல்மன் 1937 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். போருக்கு இட்டுச்செல்லும் மனித உந்துதல்களை ஆராயும் நூல் ஒன்றை 1942 ஆம் ஆண்டில் வெளியிட்டார். போர் எதிர்ப்பாளராக இருந்தபோதிலும், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் 1944–45 ஆண்டுகளில் அமெரிக்க அரசின் உத்திசார் சேவைகள் அலுவலகத்தில் பணியாற்றினார். 1957 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் சிறப்பு அறிவியற் பங்களிப்பு விருதைப் பெற்றார். முன்பு பணிநீக்கம் செய்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே 1959 ஆம் ஆண்டில் இவருக்கு மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று பெர்க்லியில் காலமானார்.

1960களில் பெர்க்லியில் உளவியல், கல்வியியல் துறைகளுக்கெனக் கட்டப்பட்ட கட்டடத்துக்கு டோல்மன் மண்டபம் எனப் பெயரிடப்பட்டது. நிலநடுக்கத்தைத் தாங்கும் உறுதி போதாமையால் அது மூடப்பட்டு, 2019 ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

மூளை ஆய்வில் டோல்மனின் கருத்து

அறிதல் வரைபடம் மூளையின் எப்பகுதியில் அமைந்துள்ளது என்பதை டோல்மன் கூறவில்லை. 1971 ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஜான் ஓ'கீஃப், ஜொனத்தன் தாஸ்த்ரோவ்ஸ்கி ஆகியோர், எலியின் மூளையிலுள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், எலி குறிப்பிட்ட ஓரிடத்தில் இருக்கும்போது மட்டும் மிகுதியாகச் செயற்படும் நரம்பணுக்களைக் கண்டறிந்தனர். இவை இட உயிரணுக்கள் எனப்படுகின்றன. ஓ'கீஃபும் லின் நாடெலும் 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், டோல்மனின் சொல்லையே எடுத்தாண்டு, ஹிப்போகாம்பஸே அவ்வறிதல் வரைபடம் என வாதிட்டனர்.

ஆனால் வரைபடம் பயன்பட வேண்டுமாயின், அதில் தான் எங்கு உள்ளது என்பதை விலங்கு ஒவ்வொரு கணமும் அறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் இல்லாதபோது, எவ்வளவு தொலைவு நடந்தோம், எப்பக்கம் எவ்வளவு திரும்பினோம் என்பதைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வருவதே வழியாகும். இது பாதைத் தொகுப்பு எனப்படுகிறது. 1980 ஆம் ஆண்டில் மிட்டல்ஷ்டெட் இணையர், ஜெர்பில் என்னும் பாலைவன எலியின் குட்டிகளைக் கூட்டிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தனர். இருட்டில் வளைந்து வளைந்து தேடிச் சென்ற தாய், குட்டியை எடுத்துக்கொண்டு நேர்வழியில் கூட்டுக்குத் திரும்பியது. குட்டியை எடுக்கும் இடத்தை உட்காதின் சமநிலை உறுப்பு உணரமுடியாத அளவுக்கு மெதுவாகச் சுழற்றியபோது, சுழற்றிய கோணத்தின் அளவுக்குத் தாய் திசை மாறிச் சென்றது.

இக்கணக்கீட்டில் பங்குகொள்ளும் நரம்பணுக்களும் பின்னர்க் கண்டறியப்பட்டன. தலை நோக்கும் திசையைக் காட்டும் தலைத்திசை உயிரணுக்கள் 1980களில் அறியப்பட்டன. 2005 ஆம் ஆண்டில் நார்வேயின் த்ரோன்ஹெய்ம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்டு மோசர் ஆகியோரின் குழுவினர், ஹிப்போகாம்பஸை அடுத்துள்ள எண்டோரைனல் புறணியில் கட்ட உயிரணுக்களைக் கண்டறிந்தனர். எலி நடமாடும் தளத்தின் மீது சமபக்க முக்கோணங்களால் ஆன வலை ஒன்று விரிக்கப்பட்டது போல, அவ்வலையின் முனைகளில் எலி வரும்போதெல்லாம் ஒரு கட்ட உயிரணு செயற்படுகிறது. விளக்கை அணைத்த பின்னரும் இவ்வமைப்பு நீடிப்பதால், விலங்கின் சொந்த இயக்கம் பற்றிய செய்திகள் இதற்கு அடிப்படையாக உள்ளன எனக் கருதப்படுகிறது. விலங்கு ஓடும் வேகத்துக்கு ஏற்பச் செயற்படும் வேக உயிரணுக்கள் 2015 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. இட உயிரணு, கட்ட உயிரணு ஆகியவற்றின் கண்டுபிடிப்புக்காக ஓ'கீஃபுக்கும் மோசர் இணையருக்கும் 2014 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இடக் கற்றலும் அசைவுக் கற்றலும் மூளையில் தனித்தனியே உள்ளன என்பதைப் பேக்கர்டு, மெக்கா ஆகியோர் 1996 ஆம் ஆண்டில் காட்டினர். சிலுவைப் பாதையில் பயிற்சியின் தொடக்கத்தில் எலிகள் ஹிப்போகாம்பஸின் துணையுடன் இடத்தை நாடின. நீண்ட பயிற்சிக்குப் பின் வால் கருவின் துணையுடன் பழகிய திருப்பத்தையே செய்தன. நன்கு பழகிய வழியில் ஓடிய கார், வாட்சன் ஆகியோரின் எலிகள் சுவரில் மோதியதும், டோல்மனின் எலிகள் இடத்தை விரைவில் கற்றதும் இதனால் ஒருங்கே விளங்குகின்றன.

இயக்க உணர்வு வழிகாட்டுகிறது என்ற வாட்சனின் கருத்தும், மூளையில் வரைபடம் உண்டு என்ற டோல்மனின் கருத்தும் நீண்ட காலம் எதிரெதிரானவையாகக் கருதப்பட்டன. இன்றைய ஆய்வுகளின்படி, இயக்க உணர்வு வரைபடத்துக்கு மாற்று அன்று. வரைபடத்தில் விலங்கின் இடத்தைக் குறிக்க உதவும் செய்திகளுள் அதுவும் ஒன்றாகும். வரைபடம் உண்மையில் எந்த அளவுக்குத் துல்லியமானது என்பதும், எல்லா விலங்குகளுக்கும் அது உண்டா என்பதும் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றன.